இடப்பக்கத்து இரைச்சல்

வரம்பு நானூறு ஸ்லோட்டி.
அதற்கு மேல் ஒரு காசு கிடையாது என்று
மின்கட்டண உறையின் முதுகில் எழுதி
அடிக்கோடிட்டேன், இரண்டு முறை.
எனக்கு என்னைத் தெரியும்.

பதினொரு வருடத்துப் பெட்டி.
சோப்புக்கட்டி அளவு, கறுப்பு அலுமினியம்,
மூலைகளில் சாயம் போய் வெள்ளி தெரிகிறது.
டிராம் பணிமனை ஓய்வறையில்
எத்தனையோ விடியாத காலைகளில்
கோட்டுப் பையில் வெதுவெதுப்பாகக் கிடந்து
என் ஹெட்போனுக்குத் தெம்பு கொடுத்தது.
இப்போது இடப்பக்கம் இரைகிறது.
தூரத்து அடுப்படியில் யாரோ
எதையோ வறுத்துக்கொண்டே இருக்கிறார்கள்.

புதுசு வாங்கிவிடு மிரா, என்றான்
ஏழாம் தடம் ஓட்டும் தோபியாஷ்.
கட்டைவிரல் அளவில் வந்துவிட்டதாம்,
போனிலேயே செருகிக்கொள்ளலாமாம்,
ஆயிரத்து எண்ணூறுதானாம்.
பல்வலிக்காரியிடம் கரும்பு விற்கிறான்.

சனிக்கிழமைச் சந்தையில் லெஷெக்
எட்டுக்கால் சிப் ஒன்றைத்
தீப்பெட்டிக்குள் பஞ்சில் கிடத்திக் கொடுத்தான்.
அறுபத்தைந்து.
மின்தேக்கிகள் ஆறும் சேர்த்து நாற்பது.
வால்யூம் குமிழுக்கு ஐம்பத்தெட்டு கேட்டான்,
பேரம் படியவில்லை.
பேட்டரி எழுபது. ஈயம் வீட்டில் இருக்கிறது.
"பழசைப் பொறுமையாகக் கழற்று.
தடம் உரிந்துவிட்டால் பலகை போச்சு."
தடத்தைப் பற்றி
என்னிடமா சொல்கிறாய், லெஷெக்?

எங்கள் ஊர் வூச்.
பெயருக்குப் படகு என்று அர்த்தம்.
ஆறுகளையெல்லாம் தெருவுக்கு அடியில்
குழாயில் போட்டு மூடிவிட்டார்கள்.
அவற்றின் மேலேதான் ஓட்டுகிறேன்,
பதினெட்டு வருடமாக.

இரவு பதினொன்றுக்குச் சமையல் மேசையில்
நாளிதழ் விரித்து, விளக்கை இறக்கி,
ஒவ்வொரு காலாகச் சூடு காட்டினேன்.
ஐந்தாவது அடம்பிடித்தது.
புகை கண்ணுக்குள் போனது.
புதியதை வைத்தபோது
ஈயம் ஒரு துளி உருண்டு, மினுங்கி,
இடம் தெரிந்தாற்போல் உட்கார்ந்தது.

இரண்டு மணிக்கு ஒரு செல்லோ.
அடேயப்பா.
குமிழைத் திருகினால் கரகரப்பில்லை.
கீழ்ச்சுரம் நெஞ்செலும்பில் வந்து நிற்கிறது.
வில்லைத் தூக்கும் இடைவெளியில்
வாசிப்பவரின் நாற்காலி முனகுகிறது,
இத்தனை வருடமும் முனகியிருக்கிறது.
அந்த முனகலுக்குப் பின்னால்,
இடப்பக்கம்,
அதே வாணலி.

ஈயத்தை மறுபடி உருக்கினேன்.
கம்பியை மாற்றினேன்.
லெஷெக்கைத் திட்டினேன், அவன் அம்மாவையும் கொஞ்சம்.
கடைசியில் ஹெட்போனைத் திருப்பி மாட்டினேன்:
இடது வலதாக, வலது இடதாக.
குற்றம் பெட்டியிலென்றால்
இரைச்சல் இப்போது வலப்பக்கம் போக வேண்டும்.

போகவில்லை.

பெட்டியை அணைத்தேன்.
ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தேன்.
குளிர்பெட்டியின் செருகியைக்கூடப் பிடுங்கினேன்.
வறுபட்டுக்கொண்டேயிருந்தது.

கோடையில் ஓட்டுநர் சன்னலைப் பாதி திறந்திருப்பேன்.
அது இடப்பக்கம்.
மருத்துவமனை வளைவில் சக்கரம் கத்தும்,
இரும்பை இரும்பு கடிக்கிற சத்தம்,
நாளைக்கு இருபத்திரண்டு தடவை.
காற்று நன்றாக வரும்.

உறையைத் திருப்பி எடுத்தேன்.
நானூறில் போனது இருநூற்று முப்பத்து மூன்று.
செவிப் பரிசோதனை நூற்றைம்பதாம்.
எழுதிக்கொண்டேன். மீதி பதினேழு.

பழைய சிப் தீப்பெட்டிக்குள் கிடக்கிறது,
ஒரு பாவமும் அறியாதது.
காலில் விழலாமென்றால்
எட்டில் எதில் விழுவது?

திங்கட்கிழமை தோபியாஷ் கேட்டான்,
இரைச்சல் போயிற்றா என்று.
பெட்டியில் இல்லை என்றேன்.
நல்லதாயிற்று என்று கையைக் குலுக்கிவிட்டு
இன்னும் என்னவோ சொன்னான்,
என் இடப்பக்கம் நின்றபடி.